கிண்ணக் காளானும் ஒரு சிறு மூடியும்



மழை ஓய்ந்த காலைப் பொழுதில் நம் நாட்டுக் காடுகளில் உளுத்துக் கிடக்கும் கிளைகளை உற்று நோக்கினால், இளஞ்சிவப்பு நிறச் சிறு கிண்ணங்கள் காம்பின்மேல் நிற்பதைக் காணலாம். இவை குக்கீனா என்னும் கிண்ணக் காளான்கள். முதிர்ந்த கிண்ணத்தின்மேல் மெல்ல ஊதினால் சில வேளைகளில் புகைபோல் ஒன்று எழும். அது புகையன்று, விதையின் வேலையைச் செய்யும் நுண்வித்துகளே அவை. கிண்ணத்தின் உட்புறம் நெருங்கி நிற்கும் நுண்ணிய பைகளிலிருந்து, பெரும்பாலும் பைக்கு எட்டாக, அவை பீச்சியடிக்கப்படுகின்றன.

அந்தப் பை எவ்வாறு திறக்கிறது? இச்சிறு கேள்வியே கிண்ணக் காளான்களை இனம் பிரிக்கும் முறையை மாற்றியது.

பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள மொன்மொரான்சியில் மருந்தாளராக இருந்தவர் எமில் பூடியே (1828–1920). அவர் புதிதாகப் பறித்த காளான்களை நீரில் வைத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சில காளான்களில் பையின் நுனியில் பானைக்கு இருப்பதுபோல் ஒரு மூடி திறந்தது. மற்றவற்றில் மூடி இல்லை, சிறு துளையே இருந்தது. இதன் முக்கியத்துவத்தை விளக்கி 1879இல் 'கிரெவில்லியா' என்னும் ஆங்கில ஏட்டில் எழுதினார். 1885இல் அதனையே அடிப்படையாகக் கொண்டு புதிய வகைப்பாட்டை வெளியிட்டார். அந்த ஏட்டின் ஆசிரியர் எம்.சி. குக். நம் குக்கீனா அவர் பெயரால்தான் 1891இல் அழைக்கப்பெற்றது.

ஆயினும் உலகம் உடனே ஏற்கவில்லை. இத்தாலிய அறிஞர் சக்கார்டோ 1889இல் வெளியிட்ட பெருந்தொகுதி, வித்துகளின் வடிவம், நிறம் முதலியவற்றுக்கே முதன்மை தந்தது. காரணம் எளிது. அருங்காட்சியகங்களில் உறங்கும் உலர்ந்த காளானிலும் வித்துகளைக் காணலாம்; மூடியைத் தெளிவாகக் காண்பதோ கடினம். வசதி ஒருபுறமும் உண்மை ஒருபுறமும் நின்றன எனலாம்.

காலம் பூடியேயின் பக்கமே சாய்ந்தது. அமெரிக்க அறிஞர் சீவர், மூடியுள்ள கிண்ணக் காளான்களுக்கு 1928இலும் மூடியற்றவற்றுக்கு 1951இலும் தனித்தனி நூல் வெளியிட்டார். பின்னர் வந்த மரபணு ஆய்வும் மூடியுள்ளவை தனி வகுப்பே என்று காட்டியது. மூடியற்றவையோ பல வகுப்புகளாகச் சிதறின. உளுத்த மரத்தைப் பச்சை நிறமாக்கும் குளோரோசிபோரியா என்னும் சிறு கிண்ணம் மூடியற்றது. பார்வைக்கு அதுவும் கிண்ணம், குக்கீனாவும் கிண்ணம், உறவிலோ வெகுதூரம்.

ஆகவே, மாணவர்களே, கிண்ணக் காளானைக் கண்டால் உருவத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டிவிடாதீர்கள். பறிக்க அனுமதியுள்ள இடமானால், அது ஒட்டியிருக்கும் மரத்துண்டோடு எடுத்து, வாடாமல் ஈரமாக வைத்திருங்கள். நிறம், மயிர், காம்பு, மரம், நாள் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி நுண்ணோக்கியில் அன்றே பாருங்கள். மறுநாள் அது சுருங்கிவிடும். அது சொல்லவிருந்த செய்தியும் மங்கிவிடும்.