பழம்பொருளை விற்குமுன்: அது யாருடையது?

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து கையெழுத்து முஸ்ஹஃபுகள், அரபுத்தமிழ்க் கிதாபுகள், செம்புச் சாமான்கள், காசுகள் எல்லாம் வெளியே வருகின்றன. அவற்றை வாங்க ஆட்களும் வீடு தேடி வருகிறார்கள். பழம்பொருள் வியாபாரம் அடிப்படையில் ஆகுமானதுதான். (முஸ்ஹஃபை விற்பது மக்ரூஹ் என்று சொன்ன இமாம்களும் உண்டு.) ஆனால் ஆகுமா, ஆகாதா என்று நம்மிடம் கேட்பவர்கள் பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விற்பவருக்கு அதில் உரிமை உண்டா என்பதை யாரும் கேட்பதில்லை. விற்கும் பொருள் விற்பவரின் உடைமையாக இருக்க வேண்டும், அல்லது உடையவரின் அனுமதி இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களில் வியாபாரத்தின் அடிப்படை நிபந்தனை.

வாப்பா விட்டுச்சென்ற முஸ்ஹஃபை, வீட்டில் இருக்கும் மூத்த மகன் தனியாக விற்றுவிடுகிறார். அதில் உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. நிலத்துக்கும் நகைக்கும் ஃபராயிள் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள்கூட, "பழைய கிதாபுதானே" என்று இதை விட்டுவிடுகின்றன. விலை பெரிதாக வந்தபிறகுதான் பிரச்சனை கிளம்புகிறது.

கிதாபின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். இது வக்ஃபு, விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகவும் சேராது என்ற கருத்தில் அரபியில் குறிப்பு எழுதியிருக்கக்கூடும். இருந்தால், அது பாட்டனார் காலத்தில் மதரஸாவிலிருந்து ஓதுவதற்காக வந்து வீட்டிலேயே தங்கிவிட்ட அமானிதம். திருப்பிக் கொடுக்க வேண்டியது. பள்ளிவாசலின் பழைய பித்தளை விளக்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் நிர்வாகிகளுக்கும் இதே கேள்வி உண்டு.

வாங்குபவரும் தப்பிக்க முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலில் திருடப்பட்ட நடராஜர் சிலையை, போலி ஆவணங்களை நம்பி ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் பெருந்தொகைக்கு வாங்கியது. 2014-இல் அதைத் திருப்பித் தர நேர்ந்தது. பிற சமயத்தாரின் சொத்தானாலும் திருட்டு திருட்டுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது ஹராம். சந்தேகம் இருந்தால் விலகிக்கொள்வதே பேணுதல்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருளும், வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியானால் 75 ஆண்டுகளைக் கடந்ததும் தொல்பொருள். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வளைகுடாவில் இருக்கும் மச்சானிடம் கொடுத்தனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்பவர்கள் கவனிக்கவும்: தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். வீடு கட்டத் தோண்டும்போது புதையல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளராக இருந்துவிட்டால் எதையும் செய்யலாமா? ஈரானின் ஷா தஹ்மாஸ்புக்காக 16-ஆம் நூற்றாண்டில் உருவான ஷாஹ்நாமா பிரதியில் 258 ஓவியங்கள் இருந்தன. 1959-இல் அதை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹௌட்டன் நூலைப் பிரித்து ஏடு ஏடாகக் கொடுத்தார், விற்றார். மிஞ்சிய பகுதியை 1994-இல் ஈரான் ஒரு நவீன ஓவியத்தைக் கொடுத்து மீட்டது. நூல் மறுபடி ஒன்றாகவில்லை. பழைய முஸ்ஹஃபுகளையும் இப்படித் தனித்தனி ஏடாக விற்கிறார்கள். முழுதாக விற்பதைவிட லாபம் அதிகம். அப்படிக் கேட்டு வருபவருக்கு முஸ்ஹஃபைக் கொடுப்பது அதன் கண்ணியத்துக்குத் தகாது என்பதே நம் கருத்து.

ஏடு குறைந்திருந்தால், பிற்காலத்தில் பைண்டு செய்திருந்தால், அதைச் சொல்லியே விற்க வேண்டும். மேலே காய்ந்த தானியத்தை வைத்து உள்ளே நனைந்ததை மறைத்த மதீனா வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியும். புதிய தாளுக்குத் தேநீர்ச் சாயம் ஏற்றிப் பழசாக்குவதும் அதே மோசடி.

விற்கும் அவசரம் இல்லாதவர்கள் முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபி, பார்சி, உருதுப் பிரதிகளும் பாதுகாக்கப்படுகின்றன, அங்கே விசாரிக்கலாம். அதுவரை கிதாபை பிளாஸ்டிக் பையில் கட்டாமல், துணியில் சுற்றி ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.