சுழியோடியின் தராதரப் பத்திரம்

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிகளிடம் எவரும் தராதரப் பத்திரம் கேட்டதில்லை. நீர்மட்டத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினர், அம்மூச்சுடனேயே மீண்டனர். அவ்வாறிருக்க, பொழுதுபோக்காகக் கடலுள் இறங்குபவரிடம் இன்று பத்திரம் கேட்கப்படுவது ஏன்?

1943ஆம் ஆண்டிலே கூஸ்தோ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கான்யன் என்னும் பொறியியலாளரும் அக்குவாலங் என்னும் மூச்சுக்கருவியை ஆக்கினர். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஒத்த அழுத்தத்திலே காற்றைத் தருவது அது. அதன் சிறப்பும் ஆபத்தும் அதுவே. ஏறத்தாழ 33 அடி ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகின்றது. அங்கே நெஞ்சு நிரம்ப வாங்கிய காற்று, மேலே வருகையில் இருமடங்காக விரியும். மூச்சை அடக்கியவாறு எழுபவனின் நுரையீரல் கிழிந்துவிடும். முத்துக்குளிப்போனைக் காத்த பழக்கமே இவனைக் கொல்லவல்லது!

கருவியோ கடையில் விலைக்குக் கிடைத்தது, கற்பிப்பாரைத்தான் தேடவேண்டியிருந்தது. கலிபோர்ணியாவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்தில் கொன்றாட் லிம்போ என்பவர் ஆராய்ச்சியாளருக்கென ஒரு பயிற்சிமுறையை வகுத்திருந்தார். 1954இல் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பொழுதுபோக்குத் திணைக்களத்தைச் சேர்ந்த அல் டில்மன் முதலியோர் அதனைக் கற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டிலே, பொதுமக்களுக்குக் கற்பிக்கவல்ல ஆசிரியரைப் பயிற்றிப் பத்திரம் வழங்கலாயினர். மாணாக்கருக்கு முன்னர் ஆசிரியரைச் சோதித்த இவ்வொழுங்கு, பள்ளிக்கூடத்திலேயே காலங்கழித்த எனக்குப் பெரிதும் உவப்பானது.

இங்கிலாந்தின் வழி வேறு. 1953இல் தோன்றிய பிரித்தானிய சப் அக்குவா கழகத்தின் கிளைகளிலே, பழகியவர் புதியவருக்கு ஊதியமின்றிக் கற்பித்தனர். அமெரிக்காவிலோ 1960இல் டில்மனும் நீல் ஹெஸ்ஸும் ஹூஸ்ரன் நகரிலே ஆசிரியர் பயிற்சியொன்றை நடத்தி, நவுய் என்னும் தேசிய சங்கத்தை அமைத்தனர். இன்று உலகெங்கும் பரந்துள்ள பாடி நிறுவனம் 1966இல் எழுந்தது. இப்பத்திரங்களுக்கு வலிமை தந்தது பெரும்பாலும் சட்டமன்று. பத்திரம் காட்டாதவருக்குக் காற்று நிரப்பிக்கொடுக்கக் கடைக்காரர் மறுத்தமையே.

எல்லோருக்கும் வழிகாட்டிய லிம்போவின் முடிவையும் கூறவேண்டும். ஹூஸ்ரன் வகுப்பு நடைபெறுவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1960 மார்ச்சிலே, அவர் தென்பிரான்சில் போர் மியூ என்னுமிடத்துக் கடலடிக் குகையொன்றினுள் இறங்கினார். உயிருடன் மீளவில்லை. திறந்த கடலுக்கு அவர் பாடம் வகுத்திருந்தார். அமெரிக்காவிலே குகைக்குரிய தனிப்பத்திரம் அவர் மறைந்த பின்னரே உருவாயிற்று.