ஆட்டம் கொடுத்த கீல்

வயதானவர் கையை ஊன்றி விழும்போது, மேற்கை எலும்பின் அடிமுனை சில சமயம் பல துண்டுகளாக நொறுங்கிவிடுகிறது. எலும்புப்புரை கண்ட எலும்பில் ஸ்குரூ சரியாகப் பிடிக்காது. மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தாலோ முழங்கை விறைத்துவிடும். தலை வாரவும் உணவை வாய்க்குக் கொண்டுபோகவும் அது மடங்கியாக வேண்டுமே!

இன்று இவர்களில் சிலருக்குப் பொருத்தப்படும் செயற்கை முழங்கை, எலும்பு முறிவுக்காகப் பிறந்ததல்ல. ருமாட்டாய்டு மூட்டுவாதம் அரித்த முழங்கைகளுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தில் ரோஜர் டீ உருவாக்கிய மூட்டின் அறிக்கை 1972இல் வந்தது: இரண்டு உலோகத் தண்டுகள், நடுவே கீல், எலும்புக்குள் பிடித்து நிறுத்த சிமென்ட். வலி தீர்ந்தது. ஆனால் இப்படி இறுக்கமான கீல் வைத்த மூட்டுகளில் பல, சில ஆண்டுகளிலேயே கழன்றன. முழங்கை கதவைப்போல ஒரே தளத்தில் மட்டும் அசைவதில்லை. மடங்கும்போதே லேசாகப் பக்கவாட்டில் சாயும், திருகும். கீல் அதற்கு இடம் கொடுக்காததால் அந்த விசையெல்லாம் சிமென்ட் மேல் விழுந்தது.

அமெரிக்காவில் ரால்ஃப் கூன்ராட் வடிவமைத்த மூட்டும் முதலில் இறுக்கமாகத்தான் இருந்தது. 1970களின் இறுதியில் அதன் கீலைத் தளர்த்தி, பக்கவாட்டில் சுமார் 7 டிகிரி ஆட்டம் கொடுத்தார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்: கீலைத் தளர்த்திய பிறகே தண்டுகள் எலும்பில் நிலைத்தன. 1981 வாக்கில் மேயோ கிளினிக்கின் பெர்னார்ட் மோரி, மேல்தண்டின் முன்புறம் ஓர் உலோக நாக்கைச் சேர்த்தார். நாக்குக்கும் எலும்புக்கும் இடையே செருகும் எலும்புத் துண்டு ஒட்டி வளர்ந்து, தண்டு திருகாமல் தாங்கும்.

முறிவுக்கு இந்த மூட்டு பொருந்தியதும் கீலால்தான். கீலே இரு எலும்புகளையும் இணைத்துவிடுவதால் நொறுங்கிய முனைகளை ஒட்டவைக்க வேண்டியதில்லை, அகற்றிவிடலாம். அகற்றிய துண்டையே நாக்கின் பின்னால் செருகலாம். 1997இல் மோரியும் சக ஆய்வாளர் காபும் முதியோரின் 21 முழங்கைகளில் கிடைத்த நல்ல பலனை வெளியிட்டார்கள். 2009இல் வெளியான கனடா ஆய்வு, 65 வயது தாண்டியவர்களை பிளேட் வைத்து எலும்பைப் பொருத்துவது, மூட்டு மாற்றுவது என இரண்டாகப் பிரித்தது. பிளேட் பிரிவில் ஐந்து பேருக்கு அறுவை மேசையிலேயே மூட்டு மாற்ற நேர்ந்தது. எலும்பு அவ்வளவு நொறுங்கியிருந்தது.

ஆனால் மூட்டு மாற்றிய கையால் ஒருமுறைக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. அடிக்கடி தூக்குவதானால் 1 கிலோதான். அந்தக் கட்டுப்பாடு ஆயுள் முழுவதற்கும். வாக்கரில் கை ஊன்றி நடப்பவர் என்றால், அறுவைக்கு ஒப்புவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.