கட்டிப்போடுவதும் கையில் பிடிப்பதும்



சேலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், லிஃப்டிலும் படிக்கட்டிலும் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்கிறார் ஒருவர். நாயே வளர்க்கக் கூடாது என்கிறார் இன்னொருவர். யாருக்கு என்ன பதில் சொல்வது?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் 1860இல்தான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவதே குற்றம் என்றது. கயிறு, சங்கிலி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் நாய் கடித்த பிறகுதான் குற்றம் என்றும் இல்லை. பயப்படாமல் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் வேலையல்ல. அடக்கி வைப்பது வளர்ப்பவரின் வேலை.

சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்கு வித்து. அதன் 11ஆம் பிரிவு, எந்நேரமும் கட்டிப்போட்ட நாயை நடமாட விடாமல் வைத்திருப்பதைக் கொடுமை என்கிறது.

ஆக, கட்டியே போட்டாலும் தவறு, ஆபத்து வரும்படி அவிழ்த்து விட்டாலும் தவறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிதான் கையில் பிடிக்கும் கயிறு.

நம் ராசிபுரம், ஓமலூர் பக்கத்துத் தோட்டங்களில் பகலில் நாயைக் கட்டி, இரவில் காவலுக்கு அவிழ்த்து விடுவார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வயல் இருந்தது, அது போதுமாக இருந்தது. அடுக்குமாடியில் நடுவே இருப்பது ஒரு கதவுதான்.

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில், பிடிப்பாரின்றி வந்த இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. வளர்த்தவர் மீது பாய்ந்தது அதே 289ஆம் பிரிவுதான். அவ்வாண்டு ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டாமவருக்கும் பதில் உண்டு. நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வளர்ப்பவர்களுக்கும் அதுவே அறிவுறுத்துகிறது. நாய் வளர்ப்பவர்களுக்கென்று தனிக் கட்டணமோ அபராதமோ போடவும் அது சங்கத்துக்கு இடம் தரவில்லை.

பிறகு எப்படித்தான் நடைமுறைப்படுத்துவது? நாய் வளர்ப்பவர்களையும் கூட்டத்தில் உட்காரவைத்து விதியை எழுதுங்கள். லிஃப்ட், படிக்கட்டு, குழந்தைகள் விளையாடும் இடம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நாய் ஓடியாட வேலி போட்ட ஓர் இடமும் நேரமும் ஒதுக்குங்கள். மீறினால் முதலில் நேரில் பேசுங்கள், அடுத்து எழுத்தில் கொடுங்கள். அதற்கும் கேளாமல் ஆபத்தான நாயை அவிழ்த்து விட்டால், தேதியோடு எழுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862 முதல் அந்த வழி திறந்தே இருக்கிறது.

உங்கள் குடியிருப்பில் என்ன ஏற்பாடு என்று எழுதுங்கள். நாய் வளர்ப்பவர்கள் அவசியம் எழுதுங்கள்.