முதியோரும் ஜீவனாம்சமும்

தஞ்சை ஜில்லாவின் கூட்டுக்குடும்பங்களில், நிலபுலன்களின் நிர்வாகமும் களஞ்சியத்தின் சாவியும் விவாக நிச்சயங்களும் மூத்தவர் வசம் இருந்த காலத்தில், அவரைப் போஷிப்பவர் யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. ஏனெனில், பிறரைப் போஷிப்பவராகவே அவர் விளங்கினார். ஆயினும் அந்தக் கௌரவம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. 1937-ஆம் ஆண்டின் சட்டம் கணவன் சொத்தில் வரையறுக்கப்பட்ட பாத்தியதையை அளிக்கும்வரை, புத்திரர்களையுடைய விதவைத் தாய்க்கு அன்னவஸ்திரத்துக்கு மேல் அதிக உரிமை இருந்ததில்லை.

ஆங்கிலக் கல்வியும் சர்க்கார் உத்தியோகமும் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு ஈர்த்தபோது முதியவரின் ஸ்தானம் அசைந்தது. குடும்பச் செலவில் கற்றவனாயினும் அக்கல்வியால் ஈட்டும் பொருள் அவனுக்கே சொந்தம் என 1930-ஆம் ஆண்டின் சட்டம் விதித்ததும், நெடுங்காலம் வழக்குக்கு இடமளித்த சம்பாத்தியம் ஐயமறத் தனிச்சொத்தாயிற்று.

இதனால் நேர்ந்த குறையை நிரப்பவும் சட்டமே வர நேர்ந்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத வயோதிகப் பெற்றோரைச் சம்ரட்சிக்கும் கடமையை, மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் 1956-ஆம் ஆண்டின் இந்து ஜீவனாம்சச் சட்டம் விதித்தது; ஆதரவற்ற முதியோருக்கு 1962-இல் சென்னை ராஜ்ய சர்க்காரே உதவித்தொகை வழங்கத் தொடங்கியது; 2007-ஆம் ஆண்டின் சட்டமோ, பராமரிக்கும் நிபந்தனையுடன் பெற்ற சொத்தை, பராமரியாதவரிடமிருந்து மீட்கவும் வழிசெய்தது. ஆதியில் சொத்தின் பலத்தால் நிலைத்த மரியாதை, இறுதியில் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமையிலேயே தஞ்சம் புகுந்தது.