இரு மருத்துவமனைகளுக்கு நடுவே: கடலூர் மாவட்டத்தில் மேல்சிகிச்சை அனுப்புதலும் தரக் கணக்கும்

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021 ஜனவரியில் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணமே தங்களுக்கும் வேண்டும் என்று மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிப் பெற்றது அந்த ஆணை. 1985இல் தொடங்கிய கல்லூரி அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகும் கட்டணம் பல மடங்கு கூடுதலாகவே இருந்துவந்தது. இன்று அதன் பெயர் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை. ஊர்க்காரர்கள் இன்னும் ‘ராஜா முத்தையா’ என்றுதான் சொல்கிறார்கள். கட்டணப் பிரச்சினை தீர்ந்தது. நோயாளிக்கு என்ன மாறியது என்ற கேள்வி அந்தப் போராட்டத்தின்போதும் பெரிதாக எழவில்லை, அதன் பின்னும் எழவில்லை.

இம்மாவட்டத்தின் அமைப்பே சற்று வேறுபட்டது. பொதுவாக ஒரு மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வரும்போது தலைமை மருத்துவமனையே கல்லூரி மருத்துவமனையாக உயர்த்தப்படும். இங்கே தலைமை மருத்துவமனை கடலூர் மஞ்சக்குப்பத்தில். கல்லூரி சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே சிதம்பரத்தில். முன்னது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது, பின்னது மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களோ பொது சுகாதாரத் துறையின் கீழ். சிதம்பரம் நகருக்குள்ளேயே அரசு காமராஜ் மருத்துவமனை ஒரு இயக்ககத்திலும் கல்லூரி மருத்துவமனை இன்னொன்றிலும் இருக்கின்றன. தலைமை மருத்துவமனைப் பக்கத்து இணை இயக்குநரும் கல்லூரி முதல்வரும் சென்னையில் வெவ்வேறு மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்பவர்கள். நடுவில் ஓடும் 108 ஊர்தி, 2008 முதல் ஒப்பந்த நிறுவனம் நடத்தும் தனிச் சேவை. ஆக, ஒரே இரவில் ஒரே நோயாளி நான்கு நிர்வாகங்களைக் கடந்துவிடுகிறார். இங்கே பாதுகாப்பு பெரும்பாலும் தவறுவது இந்த ஒப்படைப்புகளில்தான் என்பதும், நம் தர அளவீடுகள் அதைச் சரிவரப் பிடிப்பதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம், நெல்லும் முந்திரியும் விளையும் மாவட்டத்துக்கு இது அயலான எடுத்துக்காட்டு அல்ல. வீராணம் பாசன வயலில் கண்ணாடி விரியன் கடித்தவர் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே செய்யவேண்டிய முதல் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கவேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து போடவேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். மருந்து ஏற்றிய பின் சுமார் ஆறு மணி நேரம் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்து, அடுத்த அளவு தேவையா என்று முடிவெடுப்பார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர் ஊர்தியில் ஏற்றப்பட்டுவிடுவார். எத்தனை குப்பி ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு, எந்தக் குழாயில் பார்த்தார்கள் என்பவை அனுப்புச் சீட்டில் இல்லையென்றால், சிதம்பரத்தில் இரவுப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ‘மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற ஒற்றை வரி அவருக்கு எதையும் சொல்லாது.

2013இல் வந்த தேசியத் தர உறுதித் தரநிலைகள் மருத்துவமனையை எட்டுப் பகுதிகளாக மதிப்பிடுகின்றன; சான்றிதழுக்கு 70 விழுக்காடு வேண்டும். தொடர் கவனிப்புக்கும் மேல்சிகிச்சை அனுப்புதலுக்கும் அதில் இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் பெறுவது ஒரு வளாகம். பதிவேடு இருக்கிறதா என்று பார்க்கலாம். அனுப்பப்பட்டவர் என்ன ஆனார் என்று அந்த வளாகத்துக்குள் நின்று பார்க்கமுடியாது. இதில் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. இறப்பு நேர்ந்த இடத்தின் கணக்கில் சேருமென்றால், கடினமான நோயாளியை விரைவில் அனுப்பிவிடுவதே அனுப்பும் மருத்துவமனைக்கு லாபம்.

இதற்கு மாற்றைத் தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டின் தாய்மார் இறப்புத் தணிக்கை பல ஆண்டுகளாக வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது: எப்போது வலி எடுத்தது, யார் முதலில் பார்த்தார், எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் தாதியஸும் மெய்னும் 1994இல் வகுத்த மூன்று தாமதங்கள் (முடிவெடுப்பதில், சென்று சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை பெறுவதில்) இங்கே ஆட்சியரின் கூட்ட அறைக்கே வந்துவிட்டன. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20இல் 54 ஆனது. இதைத் தணிக்கையின் சாதனை என்று மட்டும் எழுதினால் பிழை. மருத்துவமனைப் பிரசவமும் இரத்த வங்கியும் 24 மணி நேர அவசரப் பிரசவ மையங்களும் செய்த வேலை பெரிது. என்றாலும் பயணம் முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அரசுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தணிக்கைதான்.

அந்தப் பழக்கத்தைப் பாம்புக்கடி, தலைக்காயம், பூச்சிமருந்து விஷம், மாரடைப்பு ஆகியவற்றுக்கும் நீட்டலாம். வந்துசேர்ந்த 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களின் கோப்புகளோடு, வந்த அன்றே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கோப்புகளையும் மாதம் ஒருமுறை இணை இயக்குநரும் கல்லூரி முதல்வரும் ஒரே மேசையில் பிரித்துப் பார்க்கவேண்டும். பெற்றுக்கொண்ட மருத்துவமனை, அனுப்பியவருக்கு ஒரு பதில் சீட்டு எழுதவேண்டும். இது விசாரணையாக மாறிவிடும் என்ற மருத்துவர்களின் அச்சம் வெறும் சாக்கு அல்ல. குறிப்பாணைக்குப் பயந்து எழுதப்படும் கோப்பில் உண்மை இருக்காது என்பது அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆகவே இந்த மேசையில் பேசப்படுவது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போகாது என்று ஆணையிலேயே எழுதவேண்டும்.

புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை விஷயத்தில்தான் இத்திட்டம் இடறுகிறது. கடலூர் நகரத்தாருக்குச் சிதம்பரத்தைவிடப் புதுச்சேரி கிட்ட. தலைமை மருத்துவமனையிலிருந்து குடும்பத்தார் நோயாளியை வடக்கே கொண்டுபோவது அதனால்தான்; அது பகுத்தறிவான தேர்வும்கூட. ஆனால் ஜிப்மர் ஒன்றிய அரசின் நிறுவனம், இருப்பதோ வேறு ஆட்சிப்பகுதியில். மாநில எல்லையைத் தாண்டிய நோயாளிக்குப் பதில் சீட்டு எழுதும் கடமை அங்குள்ளவர்களுக்கு இல்லை. அதைக் கேட்கும் அதிகாரம் கடலூர் ஆட்சியருக்கும் இல்லை. இரு அரசுகளும் உடன்பாடு எழுதும்வரை இம்மாவட்டத்தின் தரக் கணக்கில் வடக்கே போனவர்களுக்கென்று ஒரு தனிப் பத்தி திறந்து, அவர்களின் எண்ணிக்கையை மட்டுமாவது மாதந்தோறும் குறித்துவரலாம்.