நாங்லா மாச்சியின் கணினி அறை

இணையத்தில் ‘பாதுகாப்பான வெளி’ என்று பேசத் தொடங்கியதும் நம் ஆய்வுத் தாள்கள் விதிகளை நோக்கிச் சென்றுவிடுகின்றன: யாரைத் தடுப்பது, எதை நீக்குவது, எவரிடம் முறையிடுவது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளும் இந்தப் போக்கில் அமைந்தவையே; குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை அவற்றில் உண்டு. தில்லியின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு மாறான ஒரு முன்மாதிரி இருக்கிறது. சமூக ஊடகம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தது. அதனால்தானோ என்னவோ, இத்துறையின் வாசிப்புப் பட்டியல்களில் அது அரிதாகவே இடம்பெறுகிறது.

2001 மே மாதம், மத்திய தில்லியில் லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனையை ஒட்டிய எல்.என்.ஜே.பி. குடிசைப் பகுதியில் ஒரு சிறிய கணினிக்கூடம் திறக்கப்பட்டது. வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் (சி.எஸ்.டி.எஸ்.) அங்கமான சராய் அமைப்பும், 1983 முதல் தில்லியின் உழைக்கும் மக்களிடையே கல்விப் பணி செய்துவந்த அங்கூர் அமைப்பும் இணைந்து நடத்திய ‘சைபர்மொஹல்லா’ திட்டத்தின் முதல் கூடம் அது. ‘கர்’ என்றால் இந்தியில் வீடு. கூடத்துக்குக் ‘கம்ப்யூகர்’ என்று பெயர். பிறகு தட்சிண்புரியிலும், யமுனையின் மேற்குக் கரையில் இருந்த நாங்லா மாச்சியிலும் இத்தகைய கூடங்கள் அமைந்தன.

வந்தவர்கள் பதின்பருவத்தினரும் இளைஞர்களும். பெண்கள் கணிசமாக இருந்தனர். தடுப்புப் பலகைகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமரும் இணைய மையங்களின் காலம் அது. குடிசைப் பகுதிப் பெண் ஒருத்தி அங்கே போய் அமர்வதை எந்தக் குடும்பம் எளிதில் ஒப்பியிருக்கும்? கம்ப்யூகருக்கு அவள் வர முடிந்ததற்குத் தெருவில் அங்கூர் பல ஆண்டுகளாகச் சம்பாதித்திருந்த நம்பிக்கை முக்கிய காரணம் என்றே நான் கருதுகிறேன். மென்பொருளால் அமைந்த பாதுகாப்பன்று அது. (மென்பொருள் கட்டற்ற வகையைச் சார்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதன் முக்கியத்துவம் வேறு.)

அங்கே நடந்தது கணினிப் பயிற்சி மட்டுமன்று. நாள்தோறும் எழுதுவார்கள், எழுதியதை வட்டமாக அமர்ந்து உரக்கப் படிப்பார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேசுவார்கள். சந்தின் திருப்பம், தண்ணீர் பிடிக்கும் நேரம், இரவில் கேட்கும் ஓசைகள் ஆகியவையெல்லாம் பொருளாயின. ஏழ்மைக்குச் சாட்சி சொல்லுமாறு எவரையும் யாரும் கேட்கவில்லை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ‘உள்ளடக்கும் வெளி’ என்று நாம் அமைப்பவற்றுள் பல, விளிம்புநிலையினரை அவர்களுடைய துயரத்தின் பேச்சாளர்களாக மட்டுமே உள்ளே அனுமதிக்கின்றன. கம்ப்யூகரில் ஒருவர் எதைப் பற்றியும் எழுதலாம்; கேட்பவர் ஒருவராவது இருப்பார். உரையொன்று சுவரிதழுக்கோ இணையத்துக்கோ போகுமுன் இந்தக் கேள்வியரின் வழியாகவே சென்றது. இன்றைய தளங்கள் வெளியிட்ட பின் தணிக்கை செய்கின்றன. இவர்கள் வெளியிடும் முன் கேட்டார்கள். தணிக்கையும் கேட்டலும் ஒன்றல்ல.

இந்தப் பழக்கத்துக்கான சோதனை 2006இல் வந்தது. சூழலை நினைவில் கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு அல்மித்ரா படேல் வழக்கில், பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு மாற்று நிலம் தருவதை ஜேப்படித் திருடனுக்குப் பரிசளிப்பதோடு உச்ச நீதிமன்றம் ஒப்பிட்டிருந்தது. குடிசைவாழ் மக்களைக் குறித்த பொதுமொழி அவ்வாறு இறுகியிருந்த காலத்தில்தான் நாங்லா மாச்சி இடிக்கப்பட்டது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டிச் சமன் செய்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் மக்கள் தாமே எழுப்பிய குடியிருப்பு அது. கூடத்து இளைஞர்கள் இடிப்பு நடக்க நடக்க எழுதினார்கள். இந்தியில் எழுதப்பட்டவை ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு வலைப்பூவில் வெளிவந்தன. அளவெடுக்க வருபவர்கள், ஆவணங்களைத் தேடும் வீடுகள், கதவு சன்னல்களைத் தாமே கழற்றும் குடும்பங்கள் என்று அப்பதிவுகள் நீண்டன. ஜேப்படித் திருடன் என்ற உவமைக்கு எவரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு தெரு எப்படி உண்டாயிற்று என்பதை மட்டும் சொன்னார்கள்.

வலைப்பூ இடிப்பை நிறுத்தவில்லை. வேறொரு குறையும் உண்டு. அந்த ஆங்கிலப் பெயர்ப்புகளை முதலில் வாசித்தவர்களில் பலர் ஆய்வாளர்களும் கலையுலகினருமே, என்னைப் போன்றவர்கள். பக்கத்துத் தெருவுக்கு அவை எவ்வளவு சென்றன என்ற கேள்வி இத்திட்டத்தைப் பாராட்டும் கட்டுரைகளில் போதிய அளவு கேட்கப்படவில்லை. 2007இல் வந்த ‘பஹுரூபியா ஷஹர்’ என்ற இந்தி நூல் அந்தக் கணக்கை ஓரளவு நேர்செய்தது. ஷ்வேதா சர்தாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ட்ரிக்ஸ்டர் சிட்டி’ என்ற பெயரில் 2010இல் வந்தது. குடியமர்த்தத் தகுதி பெற்ற குடும்பங்கள் நகரின் மேற்கு விளிம்பிலுள்ள சாவ்தா கேவ்ராவுக்கு அனுப்பப்பட்டன. அறை போனது, அறையில் பழகியவர்கள் அங்கும் எழுதினார்கள்.

தில்லித் தமிழர்களுக்கு இது அயலார் கதையன்று. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. சுமார் 370 குடிசைகளில் முதற்கட்டமாக 189 மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவையாகக் கணக்கிடப்பட்டன. அன்றைய காட்சிகள் கைபேசிகளில் பதிவாகி நாடெங்கும் சுற்றின. காட்சிகள் இடிப்பு நாளைச் சொல்லும். அதற்கு முந்தைய ஆண்டுகளை அவற்றால் சொல்ல முடியாது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எவரேனும் நாட்குறிப்போ, கடிதமோ, பள்ளிக் கட்டுரையோ, குரல் பதிவோ, தமிழோ இந்தியோ கலந்த மொழியோ, எதை வைத்திருந்தாலும் அருள்கூர்ந்து படியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். எனக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை. முதலில் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள்.